மரவள்ளிக்கு ஒரு ஸ்ட்ரிப்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஸ்ட்ரிப் என் கண்முன்னால் ஃபெயில் ஆனது.

லேபில் அது ஃபெயில் ஆனதே இல்லை என்று பேராசிரியர் ரங்கநாயகி சொல்லியிருந்தார். அது உண்மைதான். மரவள்ளிச் செடிக்குள் தேமல் நோயின் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப் அது. இலையைப் பஃபர் கரைசலில் நசுக்கி, அந்தச் சாற்றில் இரண்டு சொட்டை ஸ்ட்ரிப்பின் மேல் விட வேண்டும். ஒரு கோடு வந்தால் செடி சுத்தம். இரண்டு கோடு வந்தால் நோய்.

தேமல் பிடித்தால் இலை மஞ்சள் திட்டுத் திட்டாகிச் சுருண்டுவிடும், கிழங்கு ஒழுங்காகப் பருக்காது. மரவள்ளிக்கு விதை என்பது அதன் குச்சிதான். நோயுள்ள குச்சியை வெட்டி நட்டால் புதுக்கொல்லையிலும் அதே நோய். சில செடிகள் பார்க்கப் பச்சையாக, அழகாக இருக்கும். நோய் உள்ளே இருக்கும். பல்கலைக்கழக லேபில் ரங்கநாயகி மேடம் பல வருடம் உழைத்தது அதைக் கண்டுபிடிக்கத்தான். கட்டுரைகள் வந்தன, பேட்டன்ட் கிடைத்தது. ஸ்ட்ரிப் மட்டும் லேபைத் தாண்டவில்லை.

நான் கள்ளக்குறிச்சிக்காரி. சென்னையில் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப் செய்யும் கம்பெனியில் ப்ரொடக்ஷன் பார்த்தவள். பல்கலைக்கழகத்திடம் லைசென்ஸ் வாங்கி மேடம் சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியபோது, ஸ்ட்ரிப்பைக் கடையில் விற்கிற பொருளாக மாற்றித் தரும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். சொந்த ஊரிலேயே வேலை என்றதும் ஒத்துக்கொண்டேன்.

அன்று கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கொல்லையில் இலை பறித்தோம், நசுக்கினோம், சொட்டு விட்டோம். சாறு பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. இரண்டு கோடும் இல்லை, ஒரு கோடும் இல்லை. வெறும் அழுக்குக் கறை. பக்கத்தில் நின்ற விவசாயி எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், பேட்டரி இல்லியா?"

திரும்பி வரும்போது ஜீப்பில் மேடத்திடம் கேட்டேன், லேபில் எப்படிச் செய்வீர்கள் என்று. சாற்றை முதலில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தெளிய வைப்போம் என்றார்.

"விவசாயி கிட்ட சென்ட்ரிஃப்யூஜ் இருக்காதே மேடம்."

"அதுக்குத்தாம்மா உன்னைக் கூப்பிட்டேன்" என்றார் சிரிக்காமல்.

2. பிசின்

மரவள்ளி இலையைக் கிள்ளினால் பால் வரும். நசுக்கினால் கொழகொழவென்று பிசின் மாதிரி ஆகும். அதுதான் ஸ்ட்ரிப்பில் சாறு ஏறும் மெம்பிரேனை அடைத்தது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஆராய்ச்சி இல்லை, கட்டுரையும் ஆகாது. ஆனால் இது தீராமல் பொருளும் இல்லை.

பஃபரில் உப்பைக் கூட்டிப் பார்த்தோம், குறைத்துப் பார்த்தோம். டீ வடிகட்டித் துணியிலிருந்து மருத்துவமனைப் பஞ்சு வரை எல்லாவற்றிலும் வடித்துப் பார்த்தோம். கடைசியில் தடித்த பிளாஸ்டிக் பையின் நடுவில் நைலான் வலை ஒன்றை ஒட்டினேன். ஒரு பக்கம் இலையையும் பஃபரையும் போட்டு வெளியிலிருந்து கட்டை விரலால் தேய்த்தால், தெளிந்த சாறு மட்டும் மறுபக்கம் இறங்கும். ஸ்ட்ரிப்பில் சொட்டு விழுகிற சாம்பிள் பேடையும் தடிமனாக மாற்றினேன். அன்று, ஸ்ட்ரிப் ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டும் கண்ட்ரோல் லைன் பளிச்சென்று சிவப்பாக ஏறியது. லேபில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேடம் பையை வாங்கித் தானே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார். எனக்குக் கிடைத்த பெரிய சர்டிஃபிகேட் அதுதான்.

அடுத்து வெயில். உரக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் ஸ்ட்ரிப் கிடந்தால் என்ன ஆகும்? உண்மையாகவே கடைகளில் போட்டு வைத்துச் சோதித்தோம். ஃபாயில் கவர், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். வெயில் தாங்குகிறது என்று எங்களுக்குத் திருப்தியான பிறகுதான் முதல் பேட்சைப் போட்டோம்.

3. தனபால் கொல்லையில்

முதல் டெமோவுக்கு, ஸ்ட்ரிப்பை விற்க ஒத்துக்கொண்ட உரக்கடை டீலர் தேர்ந்தெடுத்த இடம் தனபாலின் கொல்லை. மலையடிவாரத்தில் அவர் குச்சிக்குப் பெரிய பேர். வெள்ளிமலை, இன்னாடு பக்கத்திலிருந்தெல்லாம் இறங்கி வந்து நிற்கிற பயிரைப் பார்த்துவிட்டுக் குச்சிக்குச் சொல்லி வைப்பார்கள். அன்றும் மலையிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. நல்ல கொல்லையில் ஒரு கோடு காட்டிக் கைதட்டு வாங்கலாம் என்பது டீலரின் கணக்கு.

ஸ்ட்ரிப்பைப் பார்த்ததும் ஒருவர் கேட்டார்: "இது இன்னாங்க, எங்க மருமவ மாசமா இருக்குதான்னு பாத்துச்சே, அந்த அட்ட மாதிரி கீது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொட்டு விட்டேன்.

இரண்டு கோடு வந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. வேறு செடியில் பார்த்தேன், ஒரு கோடு. இன்னொன்றில் மறுபடியும் இரண்டு. தனபால் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? என் கொல்லையப் பாத்தா நோவு புடிச்ச மாதிரியா கீது?"

டீலர் என்னை ஓரமாக இழுத்துப் போனார். "மேடம், கிட்டு வெயில்ல கெட்டுப் போச்சுன்னு சொல்லிடுங்க. இவுரு மூஞ்சியத் திருப்பிக்கினா என் கடைக்கு இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க."

ஸ்ட்ரிப் பொய் சொல்கிறதோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் கெட்டுப்போனது என்று என் வாயால் சொன்னால் அந்தக் குச்சிகள் அப்படியே மலையேறிவிடும். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ரெண்டு கோடு வந்த செடியில குச்சி எடுக்காதீங்க. நான் லேபுக்கும் அனுப்பிப் பாக்கறேன்."

கூட்டத்தில் ராமாயி என்ற பெண் இருந்தார். இன்னாட்டுக்காரர். போன வருடம் வேறு எங்கோ வாங்கிய குச்சியில் தேமல் வந்து வெள்ளாமை முழுக்கப் போனவர். அவர்தான் முதலில் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "இந்தக் குச்சி எனுக்கு வேணாங்க. ஒரு தபா பட்டாச்சு." அவர் பின்னாலேயே மற்றவர்களும் கிளம்பினார்கள். தனபால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

4. வலைக்குள் இரண்டு பாத்தி

லேபில் மரபணுச் சோதனையும் அதையேதான் சொன்னது. அந்த ரிசல்ட்டோடு தனபாலிடம் போனேன்.

"உங்க லேபு உங்குளுக்குத்தானம்மா சொல்லும்?" என்றார்.

அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. அதனால் ஒன்று சொன்னேன். "ரெண்டு கோடு வந்த செடியோட குச்சி ஒரு பாத்தி, ஒரு கோடு வந்த செடியோட குச்சி ஒரு பாத்தி. நோயைப் பரப்புற வெள்ளை ஈ உள்ள புகாத வலைய நான் கட்டித் தரேன். நீங்களே வெட்டுங்க, நீங்களே நடுங்க, நீங்களே தண்ணி விடுங்க. நீங்க கூப்பிடாம நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "மோட்டார் கொட்டாய் பக்கத்துல இடம் கீது. கட்டிட்டுப் போ."

அந்த நாட்கள் எங்களுக்குக் கஷ்டமானவை. கிட் தப்பு காட்டுகிறது என்று பேச்சுப் பரவிவிட்டது. டீலர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். எங்களோடு இருந்த ஒரு பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மேடம் மட்டும் தினமும் ஃபோனில் ஒரே கேள்வி கேட்பார்: "முளைச்சிருக்குமா இப்போ?"

ஒரு நாள் தனபாலே ஃபோன் செய்தார். "வந்து பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

நானும் மேடமும் போனோம். வலையை அவரே தூக்கிப் பிடித்தார். ஒரு பாத்தியில் தளிர்கள் விரிந்து பச்சையாக நின்றன. மற்றதில் இலை இலையாக மஞ்சள் திட்டு, ஓரம் சுருண்டு கோணிக்கொண்டு. வலைக்குள் வெள்ளை ஈ இல்லை. நோய் குச்சியோடு வந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று குதிக்கத் தோன்றவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. "இத்தினி வருசமா என் கையாலயே குடுத்துக்கினு இருந்திருக்கனா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல். மேடம்தான் மெதுவாகச் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்கே இதைப் பார்க்கப் பல வருஷம் ஆச்சு."

தனபால் வலையைக் கீழே விட்டார். "இருக்கிற அட்டையெல்லாம் எடுத்தாம்மா. மொத்தக் கொல்லையும் பாத்துடலாம்."

ஒவ்வொரு செடியாகப் பார்த்தோம். இரண்டு கோடு வந்ததையெல்லாம் அவரே பிடுங்கிப் போட்டு எரித்தார்.

5. வெள்ளிமலைச் சந்தை

அடுத்த பருவத்தில் தனபால் குச்சி விற்கும்போது ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பைக் கொல்லை வரப்பிலேயே வைத்துவிட்டார். யார் வந்தாலும், "எந்தச் செடி வேணுமோ நீங்களே பறிச்சு நீங்களே பாருங்க" என்பார். பெட்டிகளைத் திருப்பி அனுப்பிய டீலர்கள் ஒவ்வொருவராக ஃபோன் செய்து மறுபடியும் கேட்டார்கள்.

லேபில் வேலை செய்கிற இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான்: உங்கள் பொருள் உண்மையைச் சொல்கிறதா என்று நீங்கள் லேபில் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்தது. நம்பாதவர் தன் நிலத்தில், தன் கையால் பார்க்க வழி செய்து கொடுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக இருங்கள்.

ஒருமுறை மேடத்தை வெள்ளிமலைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். உரக்கடை வாசலில் ராமாயி நாலைந்து பெண்களுக்கு ஸ்ட்ரிப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து தலையசைத்தார். பக்கத்தில் நின்ற மேடத்தையும் குச்சி வாங்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்.

"நல்லா பாத்துக்கம்மா. பையில எலயப் போட்டுத் தேய்க்கணும். ரெண்டு சொட்டு. ஒரு கோடு வந்தா வாங்கு, ரெண்டு கோடு வந்தா வுட்டுடு. அவ்ளோதான்."

நான் வாயைத் திறக்கப் போனேன். மேடம் என் கையைப் பிடித்து அமுக்கினார். பிறகு இன்னும் ஒரு அடி கிட்டே போய்க் குனிந்து நின்று, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.