சேண அறைக்குள் ஒரு கக்கூஸ்

கக்கூஸ் வாங்கப் போன கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். மூக்கைப் பொத்துகிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அருவருப்பு காட்டுகிறவர்களோடு எனக்குக் கதை இல்லை.

கதை என்னுடையதல்ல, குமுதினி அக்காவுடையது. ஜெர்மனியில், ஹம் நகரில் ஒரே முதியோர் இல்லத்தில், ஒரே மாடியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து இளம்பெண்ணாக அகதியாய் வந்தவர். பொதி கட்டும் தொழிற்சாலை, உணவகச் சமையலறை என்று எல்லா இடமும் நின்றுவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு பராமரிப்பு வேலைக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை ஜெர்மன் மொழியிலேயே படித்து முடித்தார். எங்கள் மாடியில் கோபக்காரக் கிழவர்கள் எல்லோரும் அவர் கையால்தான் சாப்பிடுவார்கள். என்னைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை.

ஏழெட்டு வருடத்துக்கு முன் அக்காவுக்குப் பெருங்குடலில் ஒரு வருத்தம் வந்தது. மருந்துக்கு அடங்கிக் கிடக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். கிளம்பினால் அந்தக் கணமே ஓட வேண்டும், பொறுத்துப் பார்க்கிற விசயமே இல்லை. அதற்குப் பிறகு அக்காவின் ஹம் நகரம் சுருங்கிப் போனது. கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரிந்த கடைக்குப் போவார், தெரியாத தெருவுக்குப் போகமாட்டார். பக்கத்தில் இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குக்கூடப் போகாமல், அந்தச் சனக்கூட்டத்தை நினைத்து வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டார். ‘குமுதினிக்குக் காசாசை, தேரண்டைக்கும் வேலை’ என்று சனம் சொன்னது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஏன் பேசாமல் இருந்தார் என்று கேட்பீர்கள். மகள் பிரபாலினி ஒற்றைப் பிள்ளை. தாய்க்கு இப்படி ஒரு வருத்தம் என்று வெளியில் தெரிந்தால், இது பரம்பரை வருத்தம் என்று சனம் முடிவு கட்டிவிடும், பிறகு பிள்ளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் வராது. அக்காவும் அவருடைய கணவர் தங்கராசா அண்ணையும் இப்படித்தான் நினைத்தார்கள். பிள்ளைக்குச் சொன்னால் பிள்ளை சிநேகிதிக்குச் சொல்லும், சிநேகிதி தன் தாய்க்குச் சொல்லும், தாய் கோயிலில் சொல்லும். ஆகவே பிள்ளைக்கே சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததுகூட ஒரே மாடியில் வேலை செய்ததால்தான். அதற்கும் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் வாங்கினார்.

அந்தப் பிள்ளையோ பேச்சுக்காலைப் பற்றிக் கனவிலும் நினைத்ததில்லை. மின்ஸ்ரர் நகரில் மிருக வைத்தியர் ஒருவரிடம் வேலை. சம்பளத்தை மிச்சம் பிடித்து, தாய்க்கு வருத்தம் வந்த அதே வருடத்தில் ஒரு குதிரை வாங்கியிருந்தாள். பொன்னிறம், வெள்ளைப் பிடரிமயிர், பெயர் லீசல். காடும் வயலும் கடந்து நெடுந்தூரம் ஓடுகிற ஓட்டங்களுக்கு அதைக் கொண்டு போவாள். ஒவ்வொரு முறையும் தாயைக் கூப்பிடுவாள். அக்கா ஒரு முறை விரதம் என்பார், ஒரு முறை வேலை என்பார், ஒரு முறை தடிமன் என்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளைக்கும் சலித்துவிட்டது.

இந்த வருடம் வசந்தத்தில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

“அம்மா, லூனபேர்க் பக்கம் ஒரு ஓட்டம் இருக்கு. லீசலுக்கு இதுதான் முதல் பெரிய ஓட்டம். குதிரை ட்ரெயிலர் இழுத்துத் தாற சிநேகிதி பயர்ன் பக்கம் மாறிப் போயிட்டா. என்ர லைசன்ஸில அவ்வளவு பாரம் இழுக்கேலாது. உங்கட பழைய லைசன்ஸில ஏலும். வருவீங்களோ?” பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “ஏலாதெண்டாப் பரவாயில்லை. ஆனா இனி நான் கேக்கமாட்டன்.”

அக்கா யோசிக்கவே இல்லை. “ஓம், வாறன்” என்றார். தொலைபேசியை வைத்த பிறகுதான் முகம் வெளிறியது.

“ட்ரெயிலருக்கதானாம் படுக்கிறது. சுத்திவரப் பத்தையும் புல்லும். நான் என்ன செய்யப்போறன், கிருசாந்தி?”

“ஓமெண்டு சொல்லியாச்செல்லோ. அப்ப கக்கூஸையும் கொண்டு போவம்” என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த ட்ரெயிலரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு குதிரை நிற்கக்கூடியது, லீசல் மட்டும்தான் போகும். முன்பக்கத்தில் சேணம் வைக்க ஒரு சின்ன அறை, அதற்கு வெளியிலிருந்து தனிக் கதவு. ஒரு ஆள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

தனக்கு முழங்கால் நோவு, பத்தைக்குள் குந்த முடியாது என்று அக்கா மகளிடம் சொன்னார். தங்கராசா அண்ணையிடம் கக்கூஸ் திட்டத்தை உள்ளபடியே சொன்னார். அண்ணை உடனே நெற்றியைச் சுருக்கினார்.

“படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில கக்கூஸோ? அங்கதானே தேத்தண்ணியும் வைக்கப்போறீர். உமக்கென்ன விசரோ?”

“குதிரை மூத்திரம் பெய்யிற பலகையைக் கழுவிப்போட்டு அதில படுக்கலாம், மூடி போட்ட கக்கூஸ் சுவருக்கு அங்கால இருக்கக்கூடாதோ அண்ணை?” என்று நான் இடையில் புகுந்தேன். எனக்கு வாய் நீளம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

முதலில் வாங்கியது மடக்கு வாளி. மேலே ஒரு இருக்கை, உள்ளே ஒரு பை, அவ்வளவுதான். அக்கா தன் வாழ்க்கையில் எத்தனை கிழவர்களைக் கொமோட்டில் இருத்தி எழுப்பியிருப்பார். அந்தக் கண்ணோடு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கராஜில் வைத்து ஒரு முறை இருந்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது, நான் கையைப் பிடித்திராவிட்டால் ஆள் விழுந்திருப்பார். “என்ர கிழவரொருத்தரை இதில இருத்தினா என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவினம்” என்றார். வாளி திரும்பப் போனது.

இரண்டாவது பிரபாலினி சொன்னது. ‘தண்ணீர் தேவைப்படாத காய்ந்த கக்கூஸ் வாங்குங்கோ, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று பிரிந்து விழும், பின்னுக்கு மரத்தூள் போட்டால் மணமே இராது, மரத்தூள் எங்கள் தொழுவத்தில் மூட்டை மூட்டையாய் இருக்கு’ என்று எழுதி அனுப்பினாள். தொழுவத்துச் சொந்தக்காரியும் அதைத்தான் பாவிக்கிறாளாம். சரியென்று வாங்கினோம். இருக்கை உயரம் நன்றாக இருந்தது, அசையவில்லை. மரத்தூள் போட்டு, கராஜ் கதவைச் சாத்தி, அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாவித்துப் பார்த்தார். வாசலில் தங்கராசா அண்ணை காவல், ஏதோ வங்கிக்குக் காவல் நிற்கிற மாதிரி.

பின்னேரம் நான் போனபோது கராஜ் நாறியது. முன்பக்கத்து மூத்திரக் கலன் நிரம்பி வழிந்திருந்தது. பின்பக்கத்து மரத்தூள் கஞ்சியாகக் கிடந்தது. அண்ணை கையுறை போட்டுக்கொண்டு நிலத்தைக் கழுவினார்.

“அக்கா, என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது, போனன். கழுவினன்.”

பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் நின்றது. எங்கள் வீடுகளில் எந்தக் கழிவறைக்குப் போனாலும் ஒரு மூலையில் ஒரு போத்தல் நிற்கும். வெறும் கடதாசியோடு எழும்பி வருகிற பழக்கம் இத்தனை வருடம் ஜெர்மனியில் இருந்தும் எங்களுக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுப் போகிற ஒரு சாமானைத் தண்ணீரால் கழுவுகிற மூன்று பேர் கூடி இருந்து, அளந்து, விசாரித்து வாங்கியிருக்கிறோம். ஒருவருக்காவது மூளை வேலை செய்யவில்லை. நான் சிரிக்கத் தொடங்க, அக்காவும் சிரித்தார், அண்ணை மட்டும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களை முறைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கராஜ் படியில் இருந்து அழுதார். “நான் போகேல்லை எண்டு சொல்லிவிடுறன். எனக்கு இது சரிவராது.”

அப்போது பேசியது அண்ணைதான். “சரிவராதெண்டு ஆர் சொன்னது? பிள்ளை இனிக் கேக்கமாட்டன் எண்டவள். இந்த முறை விட்டா விட்டதுதான். எழும்பும், கடைக்குப் போவம்.”

டோர்ட்முண்ட் பக்கத்தில் முகாம் சாமான் விற்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம். கூடாரங்களுக்குப் பின்னால் கக்கூஸ்கள் வரிசையாக நின்றன. அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இருந்து பார்த்தார். போகிற வருகிற வெள்ளைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும், வெட்கம் எல்லாம் கராஜோடு போயிருந்தது. ஒன்று உயரம் குறைவு, முழங்கால் நெஞ்சில் முட்டியது. ஒன்றில் மூடி சரியாகப் பொருந்தவில்லை. விற்பனைக்கு நின்ற பொடியன் வந்து, எத்தனை பேர் பாவிப்பீர்கள் என்று கேட்டான். அக்கா நிமிர்ந்து ஜெர்மன் மொழியில் சொன்னார், இரண்டு மூன்று பேர்தான், ஆனால் நாங்கள் தண்ணீரால் கழுவுகிற ஆட்கள், எனக்குக் குடலிலும் வருத்தம், அடிக்கடி போவேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களைத் தவிர ஹம்மில் ஒருவருக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத பொடியனுக்குச் சொல்கிறார். அவன் முகம் மாறவே இல்லை. அப்படியானால் காய்ந்ததை மறந்துவிடுங்கள் என்று சொல்லி, மேலே தண்ணீர்த் தொட்டியும் கீழே கழற்றிக் கொண்டுபோய் ஊற்றக்கூடிய பெரிய தொட்டியும் உள்ள ஒன்றைக் காட்டினான். கீழ்த் தொட்டி நிரம்பினால் தெரிய ஒரு அடையாளமும் இருந்தது. அக்கா இருந்தார், எழும்பினார், மறுபடி இருந்தார். “இதுதான்” என்றார்.

அண்ணை அதைச் சேண அறையில் பலகை அடித்துப் பட்டியால் இறுக்கிக் கட்டினார். சுவரில் போத்தல் வைக்க ஒரு வளையமும் பூட்டினார். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கக்கூஸோ என்று கேட்ட அதே மனுசன்தான்.

ஓட்டத்துக்கு அக்காவோடு நானும் போனேன். அக்கா காரில் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்க்க வேண்டும், பாரவண்டிக்காரர்கூட வழி விட்டார்கள். இடையில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்திச் சேண அறைக்குள் ஏறினார். சுவருக்கு அப்பால் லீசல் தொம்மென்று ஒரு உதை விட்டது. “நீ நிண்ட நிலையில போறாய், நான் கேட்டனானோ? பேசாமல் நில்” என்று உள்ளிருந்து குரல் கேட்டது. பிரபாலினி காருக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அவளுக்குத் தாயின் முழங்கால் கதையில் பெரிய நம்பிக்கை இல்லை என்று எனக்குப் பட்டது.

ஓட்டம் அடுத்த நாள் காலை. காட்டைச் சுற்றி வந்து, நாங்கள் நின்ற அதே புல்வெளியில் குதிரையை வைத்தியரிடம் காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு இறங்காவிட்டால் அதோடு வீடு. அதனால் வந்தவுடன் கழுத்திலும் காலிலும் குளிர்தண்ணீர் ஊற்ற ஆள் நிற்க வேண்டும். அக்கா விடியவே எழும்பி வாளிகளை நிரப்பி வைத்திருந்தார். குதிரைகள் மரங்களுக்கிடையே தெரியத் தொடங்கிய நேரம் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

“கிருசாந்தி, வாளியைப் பிடி” என்று சொல்லிவிட்டு ட்ரெயிலர் பக்கம் விரைந்தார்.

பிரபாலினி வந்து குதித்தாள். என்னைப் பார்த்தாள், வாளிகளைப் பார்த்தாள்.

“அம்மா எங்க அன்ரி?”

“இப்ப வந்திடுவா. நீ முதல் தண்ணியை ஊத்து.”

அவள் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “காருக்க போய் இருக்கிறா போல. அவவுக்கு இது பிடிக்காது அன்ரி. நான் குதிரை வாங்கின நாளில இருந்து பிடிக்காது. லைசன்ஸுக்காகக் கூப்பிட்டன், வந்தா. அவ்வளவுதான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கொடுத்த சத்தியம் தடுத்தது. “வாயைப் பொத்து பிள்ளை” என்று மட்டும் சொன்னேன்.

சேண அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா படியில் நின்றார், கையில் போத்தல். எல்லாம் கேட்டிருக்கிறது. இறங்கி வந்து, போத்தலைப் புல்லில் வைத்து, என் கையிலிருந்த வாளியை வாங்கினார். லீசலின் கழுத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பேசினார்.

“எனக்குக் குடல் வருத்தம் பிள்ளை. நீ குதிரை வாங்கின வருசம் வந்தது. வந்தா அடக்கேலாது, சில நேரம் ரத்தமும் போகும். ஒரு கக்கூஸ் இல்லாத இடத்துக்கு வர எனக்குப் பயம். அதாலதான் ஒருநாளும் வரேல்லை. வேற ஒண்டுமில்லை.”

“முழங்கால் எண்டீங்கள்.”

“முழங்காலுக்கு ஒண்டுமில்லை.”

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“சனத்துக்குத் தெரிஞ்சா உனக்குப் பேச்சுக்கால் வராதெண்டு.”

பிரபாலினி குதிரையைத் துடைத்துக்கொண்டிருந்த நுரைப்பஞ்சைக் கீழே போட்டாள். “நான் பேச்சுக்கால் கேட்டனானோ? ஒவ்வொரு ஓட்டத்திலயும் மற்றாக்களின்ர அம்மாமார் நிப்பினம். நான் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறன்.”

“அது எங்கட பிழைதான்” என்றார் அக்கா. வாளி வெறுமையாகிவிட்டது, அப்படியும் அதைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குதிரைகளைப் பார்க்கிற பெண் வைத்தியர் கூப்பிட்டாள். நாடித்துடிப்பு இறங்கியிருந்தது, லீசல் அடுத்த சுற்றைத் தொடரலாம் என்றாள். திரும்பி வந்த குதிரை, நனைந்த வாயை அக்காவின் தோளில் வைத்து நன்றாகத் துடைத்தது. அக்கா அருவருத்துப் பின்னால் பாய்ந்தார். பிரபாலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

“பாருங்கோ, நான் சொன்னது சரிதானே. உங்களுக்குக் குதிரையைப் பிடிக்காது.”

“பிடிக்காதுதான்” என்றார் அக்கா, சட்டையை உதறிக்கொண்டு. “நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தனான்.”