பேய்ப்படமும் எரியாத அப்பிள் கேக்கும்

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? ஒரு வயது போன மனிசி பேய்ப்படம் பார்த்துத் தீயணைப்பு வண்டியை வரவைத்த கதையைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கோயிலில் கண்டாலும் கேட்கிறீர்கள், தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கும்போதும் கேட்கிறீர்கள். சரி, எல்லாருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் அவளைப் பேசுங்கள். கதையில் பிழை இருக்காது.

போன வருடம் ஒக்டோபர் மாதம், ஜேர்மனியின் ஹம் நகரத்தில், நாங்கள் இருக்கிற மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது இது. என் பேத்தி முதியோர் இல்லத்தில் தாதி வேலை பழகுகிறாள். காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்துவிடுவாள். ஹலோவீன் வரும் மாதம் முழுக்க நாளுக்கொரு பேய்ப்படம் பார்ப்பது அவளுடைய வழக்கம். துணைக்கு ஆள் வேண்டும். வீட்டில் சும்மா இருக்கிற ஆள் நான்தானே.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒருநாள், புதுப்படம் மறுநாள். பழைய படத்தில் பேய் நடந்தால் சுவர் ஆடும். அட்டைச் சுவர்! புதுப்படத்தில் பேயே கண்ணில் படாது. ஒரு குடும்பம் காட்டுக்குள் வீடு எடுக்கும், நாய் முதல் நாளே குரைக்கும், அவர்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்காது. “இவ்வளவு பெரிய வீடு, வாடகை இவ்வளவு குறைவெண்டால் யோசிக்க வேண்டாமோ?” என்று நான் கேட்பேன். பேயைக் கண்ட பெண் வாசலால் ஓடாமல் மேல்மாடிக்கு ஓடினால் எனக்குச் சிரிப்பு அடங்காது. நான் சிரித்தால் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் ஆடும். பேத்தி பயத்தில் கத்துவாள். அவள் கத்தக் கத்த நான் இன்னும் சிரிப்பேன்.

இதுதான் வினையாகப் போனது. எங்களுக்கு நேர் கீழே ஒரு ஜேர்மன் அம்மா தனியாக இருக்கிறா. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஏற்கெனவே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இந்த ஊரில் சத்தமே போடக்கூடாத நேரத்தில், உரலில் சம்பல் இடித்ததற்கு வீட்டு நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டவ. அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒக்டோபர் கடைசிக் கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. நாள்தோறும் அலறலும் சிரிப்பும் கேட்கிறதாம்.

மருமகன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாமி, மூண்டாவது வந்தால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவாங்கள். இந்த ஊரில இன்னொரு வீடு எடுக்க ஏலாது. எனக்காக ஒரு கொஞ்சம் வாயைப் பொத்துங்கோ.”

அந்த மனிசன் என்னை அதட்டியிருந்தால் நான் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். கெஞ்சினார். அதனால் வாயைப் பொத்தினேன். சும்மா இல்லை, துவாய்த் துணியை வாய்க்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன். ரீவியில் சத்தமே இல்லை. ஐந்து நாள் அப்படிப் போனது. சிரிக்காமல் பேய்ப்படம் பார்ப்பதுபோல ஒரு தண்டனை கிடையாது.

மாதத்தின் கடைசி நாள், பின்னேரம் ஐந்து மணி, வாசல் மணி அடித்தது. அன்றைக்குத்தான் சின்னப் பிள்ளைகள் பேய்வேடம் போட்டு இனிப்புக் கேட்டு வருவார்கள். கதவைத் திறந்ததும் ‘பூ’ என்று கத்தி என்னைத் திடுக்கிட வைப்பார்கள். இந்த முறை நான் ஆயத்தமாக இருந்தேன். வெள்ளைக் கட்டில் விரிப்பு ஒன்றைப் போர்த்து, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, வாயைச் சுற்றிக் குங்குமம் பூசி, தேங்காய்ச் சொட்டில் இரண்டு கூர்ப்பல் வெட்டி வைத்திருந்தேன். பல்லைச் செருகிக்கொண்டு கதவைத் திறந்து, ஐந்து நாள் அடக்கிய குரலை எல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தினேன்.

வாசலில் நின்றது பிள்ளைகள் இல்லை. கீழ்வீட்டு அம்மா.

மனிசி முகம் வெளுத்துப் படியில் அப்படியே குந்திவிட்டா. கையில் ஒரு கேக் தட்டு. அதை மட்டும் விடவில்லை.

“எடி பிள்ளை, ஓடி வா! மனிசி முடிஞ்சுதோ?”

“இல்லை அம்மம்மா, நாடி இருக்கு. முதல் உந்தப் பல்லைக் கழட்டுங்கோ!”

இரண்டு பேருமாகப் பிடித்து உள்ளே கொண்டுவந்து இருத்தினோம். மனிசி கேக் தட்டை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டா. பேத்தி பிரஷர் பார்க்கிற மெஷினை எடுக்க அறைக்குப் போகும்போது, “நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பது? பயமுறுத்தியது நான் அல்லவா?

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உப்பும் ஏழு செத்தல் மிளகாயும் எடுத்து மனிசியின் தலையை மூன்று தரம் சுற்றினேன். அவ ஆடாமல் இருந்தா. பயத்தில்தான். பிறகு குசினிக்குப் போய் இரும்புச் சட்டியைச் சூடாக்கி எல்லாவற்றையும் அதில் போட்டேன். ஊரில் இதை வெளி அடுப்பில் போடுவோம், புகை வானத்துக்குப் போகும். இங்கே குளிருக்கு யன்னல் பூட்டியிருந்தது. மேலே வானம் இல்லை, அலாரம்தான் இருந்தது.

கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். அடித்ததே ஒரு நெடி! அந்த மனிசிமேல் ஒரு கண்ணூறும் இல்லை என்பது நிச்சயம். எங்கள் அலாரம் கத்த, புகை படிக்கட்டுக்குப் போய் அங்கேயிருந்த அலாரமும் கத்த, ஆறு வீட்டுக்காரரும் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். யாரோ தீயணைப்புக்குப் போன் அடித்துவிட்டார்கள், வண்டியும் வந்து நின்றது. நான் விரிப்பைக் கழற்ற மறந்து, குங்கும வாயோடு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து மருமகன் வேலையால் வந்து இறங்கினார். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்றாவது கடிதம் அவருடைய கண்ணில் தெரிந்தது. முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த தீயணைப்புக்காரப் பெடியன், கண்ணீர் வடிய, “இது யார் செய்தது?” என்று கேட்டான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கமுன் கீழ்வீட்டு அம்மா முன்னே வந்து ஏதோ சொன்னா. பேத்தி என் காதில் சொன்னாள்.

“தான்தானாம் அம்மம்மா. எங்கட அவண் அடுப்பில தன்ர அப்பிள் கேக்கைச் சூடாக்க வைச்சு மறந்துபோனாவாம். கேக் எரிஞ்சு போச்சாம்.”

கேக் அவவின் கையில் முழுசாக இருந்தது. சீனித்தூள்கூடக் கலையவில்லை. பெடியன் கேக்கைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான், ஒருமுறை தும்மினான். பிறகு சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு போனான்.

“கேள் பிள்ளை, ஏன் பொய் சொன்னவ எண்டு கேள்.”

பேத்தி கேட்டாள். மனிசி கொஞ்சம் வெட்கத்தோடு நீளமாகச் சொன்னா, பேத்தி தமிழில் சொன்னாள். “நீங்கள் சிரிக்கிற சத்தம் மூண்டு கிழமையா கேட்டதாம். முதல் கோபமாம், கடிதம் போட்டவவாம். பிறகு அஞ்சு நாள் சத்தமே இல்லையாம். படத்தில என்ன நடக்குது எண்டு தெரியாமல் இருக்க ஏலாமல் போச்சாம். அதுதான் கேக்கோட வந்தவவாம். உங்களை வீட்டை விட்டு எழுப்பினால் பிறகு ஆர் சிரிக்கிறது எண்டு கேக்கிறா.”

அன்றைக்கு மூன்று பேருமாக அந்த நாளுக்குரிய படத்தைப் பார்த்தோம். வசனம் இல்லாத பழைய படம். எனக்கும் அவவுக்கும் ஒரே அளவு விளங்கியது. பேய் வந்த இடத்தில் அவ என் கையைப் பிடித்தா. நான் பல்லைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவ சிரித்த சிரிப்பில் எங்கள் கோப்பைகள் ஆடின.

ஆனால் செய்யாத பழி அவவின் தலையில் இருக்கலாமா? அடுத்த நாள் உழுந்து வடை சுட்டு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். முதலில் வடையைக் கையில் கொடுத்தேன். வாய் நிறைய வடை இருக்கும்போது யாரும் ஏச மாட்டார்கள். பிறகு சொன்னேன்: “புகைச்சது நான். அந்தக் கேக் எரியவேயில்லை, மிச்சம் ஒரு துண்டு எங்கட பிரிட்ஜில கிடக்கு, வந்து பாருங்கோ. தன்ர கேக்கை எரிஞ்சது எண்டு எனக்காகச் சொன்ன மனிசி கீழ இருக்கிறவரைக்கும், எனக்குப் பேயும் பயமில்லை, கடிதமும் பயமில்லை.”