பெரியம்மா எடுத்த போன்

காரைக்காலில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் வீடுகளில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்துவிடுவார். ஆனால் மாமியார் அவர் முன்னால் வரமாட்டார், நேரில் பேசவும் மாட்டார். ஒரே கூரையின் கீழ் ஒரு ஆயுள் இருந்துவிட்டு, ஒரு முழு வாக்கியம்கூடப் பேசிக்கொள்ளாமல் போனவர்கள் உண்டு. அதனால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். பெரியம்மா வீட்டில் அந்த ஆள் நான்தான்.

அத்தா, அதாவது என் அப்பா, இறந்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. உம்மா என்னைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாகூரில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போன நாள்களைவிடப் போகாத நாள்கள் அதிகம். அதற்குப் பிறகு திருப்பூர், குவைத், கோவா என்று நான் சுற்றிய வழியிலும் பள்ளிக்கூடம் எதுவும் குறுக்கே வரவில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அந்தத் தெருவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுக்களையில் பெரியம்மா. முன்கூடத்தில் அவருடைய மகளின் புருஷன். நான் மச்சான் என்பேன். இடையில் ஒரு முற்றம். “மாப்பிள்ளைக்கு டீயில சக்கரை போதுமான்னு கேளு” என்று பெரியம்மா சொல்வது முற்றத்தைத் தாண்டி மச்சானுக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்ததாகக் கணக்கு. குவைத்திலிருந்து அவர் செல்போனில் கூப்பிட்ட காலத்திலும் பெரியம்மா பேசமாட்டார். மணி அடித்தால் போனை மகள் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஒரு முறை லீவில் வந்த மச்சான் திரும்பிப் போகாமல் இருந்தார். பெரியம்மாவின் தம்பி முயற்சி செய்து வாங்கிய புது விசா அலமாரியில் கிடந்தது. பெரியம்மா மகளுக்கு, அதாவது நான் லாத்தா என்று கூப்பிடும் அக்காவுக்கு, வயிற்றில் பிள்ளை. மச்சானுக்குப் போக மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. மாமியார் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை, வேலையும் இல்லாமல் இருக்கிறார் என்றால் தெரு சும்மா இருக்காது.

கூடத்தில் இரண்டு விளக்குகள் இருந்தன. பெரியப்பா உயிரோடு இருந்தபோது புதுச்சேரியில் வாங்கியவை. அந்தக் காலத்துக் கறுப்புத் தொலைபேசிகளின் வயிற்றைக் காலி செய்து, தலையில் ஓட்டை போட்டு, பித்தளைக் குழாய் நட்டு, பல்பும் அதற்குமேல் தொப்பி மாதிரி ஒரு துணிக்கூடும் மாட்டியிருப்பார்கள். சாயங்காலம் மஃரிப் பாங்கு கேட்டதும் அவற்றைப் போடுவது என் வேலை. வருகிறவர்கள் அவற்றைத் தொட்டுப் பார்க்காமல் உட்காரமாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மச்சான், செய்தித்தாளை விரித்து அந்த விளக்குகளைப் பிரித்துப் போட்டுவிட்டார். புதுச்சேரியில் பழைய சாமான் விற்கிற ஒருவர், இப்படி விளக்காகிப்போன போன்களை மறுபடி பேச வைத்துத் தந்தால் தொடர்ந்து வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அதை என்னிடமும் லாத்தாவிடமும் மட்டும் சொல்லியிருந்தார்.

நான் அடுக்களைக்குப் போய், “மச்சான் விளக்கைப் பிரிச்சிட்டாங்க” என்றேன்.

“எந்த விளக்க?”

“ரெண்டையும்.”

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “யா அல்லாஹ்! விசா வந்து கெடக்கு, இங்க விளக்கப் பிரிச்சி விளையாடுறாங்களா? எப்பப் பயணம்னு கேட்டுட்டு வா.”

ஓடினேன். மச்சான் தலை நிமிராமல், “மொதல்ல இது பேசட்டும்னு சொல்லும்மா” என்றார்.

“அது எப்பவோ செத்த சாமான், அது பேசுமாக்கும்” என்றார் பெரியம்மா.

அறைக்குள் படுத்திருந்த லாத்தா விடவில்லை. “செத்தது எழுந்து பேசுச்சுன்னா மொதல்ல உங்களத்தான் உம்மா கூப்பிடும்.”

அந்த வாரம் முழுவதும் கூடத்தில் அதே வேலைதான். குழாயைப் பிடுங்கினார். உடைந்த போன்களிலிருந்து எடுத்து வைத்திருந்த மணியையும் கம்பிச் சுருளையும் உள்ளே பொருத்தினார். தலை ஓட்டையைக் கறுப்புச் சாயம் கலந்த பசையால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடம் தெரியாமல் செய்தார். ரிசீவரின் வாய்ப்பக்கத்தில் கரித்தூள் இருக்குமாம். பல வருடம் பேசாமல் கிடந்தால் அது கட்டிதட்டிவிடுமாம். பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரத் தட்டுவதுபோல அதை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு போனைக் கூடத்தில் வைத்தார். இன்னொன்று என் கையால் அடுக்களை மேடைக்கு வந்தது. துணி காயும் கொடியோடு வயர் முற்றத்தைக் கடந்தது. மணி அடிக்கவும் குரல் போகவும் கூடத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. “கேக்குதான்னு மாமிய ஒரு தடவ எடுத்துப் பாக்கச் சொல்லு” என்று மச்சான் சொல்லி அனுப்பினார்.

“என் விளக்க என்ன கதி பண்ணியிருக்காங்கன்னு பாத்துடுவோம்” என்றார் பெரியம்மா.

மணி அடித்தது. மேடைக்கடியில் படுத்திருந்த பூனை ஓடியே போய்விட்டது. பெரியம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ரிசீவரை எடுத்தார். எடுத்து என் காதில் வைத்தார்.

“மாப்பிள்ளை சாப்பிட்டாங்களான்னு கேளு.”

கேட்டேன். உள்ளேயிருந்து மச்சான் குரல், “சாப்பிட்டேன்னு சொல்லு” என்றது.

“சாப்பிட்டாங்களாம், பெரியம்மா.”

அடுக்களை வாசற்படியில் நின்ற லாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இதுக்கா இவ்வளவு வயரு?”

எனக்கோ, இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். ரிசீவரைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு முற்றத்தைத் தாண்டி ஓடினேன்.

கூடத்தில் மச்சான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருந்தார். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு, “கேக்குதுங்க மாமி” என்றார். “நல்லாக் கேக்குது.” விசா பேச்சு வரப்போகிறது என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் போலும், கழுத்து வேர்த்திருந்தது. அப்புறம் திடீரென்று, “கொடுவா எதுக்குங்க மாமி... மத்தி போதும்” என்றார். “சரிங்க மாமி. உங்க இஷ்டம்.” ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் அடுக்களைக்குத் திரும்பி ஓடினேன். “என்ன பெரியம்மா கேட்டீங்க?”

“நாளைக்குக் கொடுவா மீன் வாங்கட்டுமான்னு கேட்டேன்.”

“பயணம்?”

“அதக் கேக்கல.”

சொல்லிவிட்டு, பெட்டி அறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து வந்தார். வெளிநாடு போகிறவர்களுக்கு மசாலாத்தூள், ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்து ஒட்டுநாடா சுற்றிக் கட்டிவைப்பார்கள். பெரியம்மா அரிவாள்மணையில் அந்த நாடாவை அறுத்து, மசாலாப் பொட்டலத்தைப் பிரித்து, அஞ்சறைப்பெட்டியில் கொட்ட ஆரம்பித்தார்.

“அது மச்சானுக்குக் கட்டினது!” என்று கத்தினேன்.

“அவங்க திங்கத்தானே போடுறேன்” என்றார், கையை நிறுத்தாமல். லாத்தா அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

எனக்குக் கோபமான கோபம். மறுபடி கூடத்துக்கு ஓடினேன். “மச்சான், பெரியம்மா முக்கியமானத கேக்க மறந்துட்டாங்க. உங்க சாமானையும் பிரிக்கிறாங்க. நான் போயி எப்பப் பயணம்னு கேட்டுட்டு வரவா?”

“வேணாம்மா, நீ உக்காரு” என்றார் மச்சான். அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. இவ்வளவு வயர் இழுத்துவிட்டு, கடைசியில் மீனைப் பற்றித்தானா பேசுவார்கள் என்று எனக்கு ஆறவேயில்லை. என்னை விட்டிருந்தால் ஒரே ஓட்டத்தில் கேட்டு வந்திருப்பேன்.