நஞ்சுக்கொடிக்கு இடம் தேடிய நாள்

1978 ஆனி மாதம். கொச்சி மட்டாஞ்சேரியில் நாலைந்து நாளாகக் கொட்டித் தீர்த்த மழை அன்று காலைதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்கப் போன நான், யூதர் தெருவான ஜூ டவுன் அருகே ஒரு மிளகு, சுக்கு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தேன். மண்டியின் மாடியிலேயே ஒற்றை அறையில் குடித்தனம். சுக்கு வாசனையில் தூங்கி, சுக்கு வாசனையில் எழுந்திருப்போம். இப்போதும் கடையில் சுக்கு வாங்கினால் ஒரு தடவை முகர்ந்து பார்க்காமல் பையில் போட மாட்டேன்.

அன்று விடிந்ததும், பக்கத்துத் தெருவிலிருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மிட்டாய் வாங்க ஓடலாம் என்று கிளம்பியவனை நிறுத்தி, நர்ஸ் ஒரு மண் கலயத்தைக் கையில் கொடுத்தார். வாயில் வாழையிலை வைத்துச் சணலால் கட்டியிருந்தது. உள்ளே நஞ்சுக்கொடி.

அந்தக் காலத்தில் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கழிவை இன்றுபோல் கலர் கலர் பைகளில் பிரிப்பதெல்லாம் கிடையாது. ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் பின்பக்கம் தார் டிரம்மில் எரியும். காலி மருந்துக் குப்பிகள் ஒரு கூடையில் கிடக்கும். இது மட்டும் வீட்டார் பொறுப்பு. கொண்டுபோய்ச் சொந்த மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும். மாடி அறையில் இருப்பவன் சொந்த மண்ணுக்கு எங்கே போவேன்?

இதில் வேறொரு வேதனையும் இருந்தது. எங்கள் முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தவறிவிட்டது. அதன் நஞ்சுக்கொடியை நாய் தோண்டிவிட்டதாம், அதனால்தான் போய்விட்டதாம். யாரோ புண்ணியவதி இதை என் மனைவி காதில் போட்டுவிட்டாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லியும் அவள் மனசு ஆறவில்லை. அன்று கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நாய் வாய் வைக்காத இடமாப் பாருங்க. நீங்க வந்து சொல்ற வரைக்கும் நான் கண்ணை மூட மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள்.

கலயத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தேன். அங்கே கிடங்கும் வீடும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். எங்கே பார்த்தாலும் கல்லும் ஓடும்தான். கடைசியில் கால்வாய் ஓரமாக ஒரு துண்டு நிலம் தென்பட்டது. உடைந்த ஓட்டால் தோண்டினேன். ஒரு சாண் போவதற்குள் குழியில் தண்ணீர் ஊறி நிரம்பிவிட்டது. காயல் பொங்குகிற நேரம் போலிருக்கிறது. கலயத்தை வைத்தால் மிதக்கிறது, அமுக்கினால் எழும்புகிறது. போதாக்குறைக்கு ஒரு செவலை நாய் வந்து எதிரே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாயை விரட்டிவிட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தேன். அங்கே முற்றத்தில் தென்னை நின்ற ஒரு வீடு. துணி துவைத்துக்கொண்டிருந்த இத்தா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். முஸ்லிம் வீட்டு அக்காமார்களை அங்கே இத்தா என்றுதான் அழைப்போம்.

"அண்ணாச்சி, கையில எந்தா?"

"சாமான்" என்று உளறினேன்.

"எந்து சாமான்?"

திருடனை விசாரிக்கிற குரல். வேறு வழியில்லாமல் துண்டை விலக்கினேன். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் குழந்தையை, குழியில் ஊறிய தண்ணீரை, நாயை, அங்கே கண் மூடாமல் கிடப்பவளை.

முகம் சுளித்துக் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவரோ, ஆணா பெண்ணா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மோனோ, மோளோ?"

"மோளு."

உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தார். தென்னைக்காக மேடு கட்டியிருந்த இடத்தைக் காட்டி, அங்கே தண்ணீர் ஏறாது என்றார். தொடையளவு தோண்டியும் மண் பொலபொலவென்று இருந்தது. கலயத்தை இறக்கி மூடிவிட்டுக் கிளம்பினேன். அவர் விடவில்லை. கொல்லையில் கிடந்த உடைந்த அம்மிக்கல்லை இரண்டு பேருமாக உருட்டி வந்து மேலே வைத்தோம்.

"இனி பட்டி தொடில்ல. போயி அவளோட பறயி, ஒறங்கட்டே" என்றார். இனி நாய் தொடாது, போய்ச் சொல்லு, அவள் தூங்கட்டும் என்று அர்த்தம். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். சாயாவும் கொடுத்தார். அந்த மாதிரி ஒரு சாயாவை நான் பிறகு குடித்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஒன்று விடாமல் சொன்னேன். "அம்மிக்கல்லு வச்சாச்சா, நெசமா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். பிறகு தூங்கினாள். முதல் குழந்தை போனதிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அதுவரை, ஊருக்கே போய்விடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தவள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இத்தா வீட்டுக்குப் பாயசம் போகும். இத்தாவின் பிள்ளைகளோடு என் மகளும் அந்தக் கல்மேல் உட்கார்ந்து தூக்குவாளியைக் காலி செய்வாள். அந்தச் சிரிப்பும் சத்தமும் இன்னும் காதில் இருக்கிறது. இத்தாதான் இப்போது இல்லை.

என் மகளுக்கு எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனபோது, நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போட்டுக் கட்டித் தனி வண்டியில் எரிக்க அனுப்பிவிட்டார்கள். இனி எந்த அப்பனும் கலயத்தோடு அலைய வேண்டாம். நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன்.

கொச்சியில் எங்கள் பேரில் இன்றுவரை ஒரு சென்ட் நிலம் கிடையாது. வயதான காலத்தில் இங்கேயே வந்துவிடுங்களேன் என்று விருதுநகர்ச் சொந்தங்கள் கூப்பிடும்போதெல்லாம், "எம்பொண்ணோட கொடி கிடக்குற மண்ணை விட்டுட்டு எங்க வர்றது?" என்று என் மனைவி சண்டைக்கு நிற்பாள். அன்றைக்கு இத்தா கதவைச் சாத்தியிருந்தால், மட்டாஞ்சேரி எங்களுக்குக் கடைசிவரை பிழைக்க வந்த இடமாகவே இருந்திருக்கும்.