நான் தடை செய்த அல்சேஷன்கள்

ஏற்காட்டில் ஒரு நாய் ஜாதியையே தடை செய்தவன் நான். சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். எதிரே நாய் வந்தால் அவளுக்குப் பின்னால் ஒதுங்குகிற ஆளைப் பார்த்துப் பழகியவள் அவள்.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டு மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாடு, ஆடு, பன்றி எது வந்தாலும் என் கை நடுங்காது. நாய் வந்தால் மட்டும் நடுங்கும். கம்பவுண்டரை முன்னால் அனுப்பிவிட்டு, மேஜைக்குப் பின்னால் நின்றபடி, "வாயக் கட்டியாச்சா?" என்று கேட்பேன். மலை ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். நாய் டாக்டருக்கு நாய் பயம் என்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

செம்மநத்தம் பக்கம் ஒரு பெரிய காப்பி எஸ்டேட். அதற்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் பட்டாளத்தில் இருந்தவர். அவர் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்த ஓர் அம்மாளை, காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தருகே ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கடித்த நாய் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து மறைந்தது. அந்த அம்மாள் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ளச் சேலத்துக்கு இறங்கிப் போனார். மறுநாள் காலை எனக்கு ஜீப் வந்தது.

என் வாழ்க்கையில் முதல்முதலாக ஜீப் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். கம்பவுண்டர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மெதுவாக ஏறினேன். பங்களாவில் பீங்கான் கோப்பையில் காப்பி, ஒரு தட்டில் பிளம் கேக்.

"பழுப்பு நிறம். காது ரெண்டும் நட்டுக்கிட்டு நின்னுச்சாம். என்ன ஜாதி டாக்டர்?" என்றார் மேனேஜர்.

"அல்சேஷன் கலப்பு சார்" என்றேன், யோசிக்காமல்.

"ஆபத்தானதா?"

இந்த இடத்தில் 'தெரியாது, நாயைப் பார்க்கணும்' என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் என்னிடம் யாரும் அதுவரை அபிப்பிராயம் கேட்டதில்லை. இருபது நிமிடம் பேசினேன். கல்லூரியில் நாயைப் பற்றிப் படித்த ஒரே அத்தியாயத்தை ஒப்பித்தேன். தீர்ந்ததும் சொந்தமாகச் சேர்த்தேன். அல்சேஷன் ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் என்றைக்காவது அது தலைதூக்கும் என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்ததால் இரண்டாம் தடவையும் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டார். நான் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அல்சேஷன் நாய்களையும் அல்சேஷன் கலப்பு நாய்களையும் எஸ்டேட் எல்லைக்குள் யாரும் வைத்திருக்கக் கூடாது, பதினைந்து நாட்களில் அகற்ற வேண்டும், இது கால்நடை மருத்துவரின் கருத்துப்படி. கீழே என் பெயர், பட்டத்தோடு. நான் அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஊருக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார தோட்ட முதலாளி, சீமைக்குத் திரும்பும்போது தன் அல்சேஷனை விட்டுவிட்டுப் போயிருந்தார். அது செம்மநத்தம் முதல் வாழவந்தி வரை வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் பாதி நாய்களுக்குக் காது நிமிர்ந்துதான் நிற்கும். நான் தடை செய்தது ஒரு ஜாதியை அல்ல, அந்த எஸ்டேட்டின் நாய் ஜனத்தொகையில் பாதியை.

முதலில் வந்தவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தன் நாய் அசல் அல்சேஷன் என்று பஜாரில் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தவர். இப்போது மேஜைமேல் கையூன்றிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க டாக்டரு, இது சுத்தமான நாட்டு நாயின்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க."

"போன மாசம் அல்சேஷன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பேச்சுக்குச் சொன்னதுங்க. பேச்சையெல்லாம் நோட்டீஸ்ல போடுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத்தான் அந்த அடி என்று அப்போது விளங்கவில்லை. விதிப்படி முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்து ஒரு காப்பி பறிக்கிற அம்மாள், தலையில் துண்டு சுற்றிய நாயோடு வந்தார். தாடைக்குக் கீழே முடிச்சு. நாய் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"நொம்பப் பல்வலிங்க. ஒரு மாசத்துக்குக் கட்டு அவுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க."

துண்டுக்குள் இரண்டு காதும் மடங்கிக் கிடந்தன. கம்பவுண்டர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தன் சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

பிறகு ஆட்கள் வருவது குறைந்து நாய்கள் மட்டும் வர ஆரம்பித்தன. காலையில் வந்து பார்த்தால் ஆஸ்பத்திரி கேட்டில் இரண்டு கட்டியிருக்கும், மறுநாள் மூன்று. யார் கட்டினார்கள் என்று தெரியாது. அவற்றைத் தாண்டி உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லாததால், பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஆபீசுக்குப் போன ஒரே டாக்டர் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வாரம்தான் எஸ்டேட்டின் களத்து வாட்ச்மேன் வந்தார். அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கூட ஒரு கிழட்டுப் பெட்டை நாய், கயிறே தேவைப்படாமல் காலோடு ஒட்டி நடந்தது.

"ஏனுங்க, இதுக்கு ஒரு ஊசி போட்டு உட்ருங்க" என்றார்.

"என்ன சீக்கு?"

"சீக்கு இல்லீங்க. வேற ஊருல நமக்குச் சனம் இல்லீங்க கொண்டுபோயி உட. வெரட்டுனா லயனுக்கே திரும்பி வந்துரும். அப்பறம் எனக்கு வேல போயிருமுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஜீப்பில் போய், நான் சொன்னது தப்பு, கடித்த நாயை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், முதலில் சொன்னது தப்பு என்று என் பெயர் போட்டே இன்னொரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதைவிட ஊசி சுலபமாக இருந்தது. வாட்ச்மேன் தரையில் உட்கார்ந்து நாயைப் பிடித்துக்கொண்டார். வாயைக் கட்டவில்லை. அது முன்காலைத் தானாகவே நீட்டியது. அன்றைக்கு மட்டும் என் கை நடுங்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் மரியாதை வருவதில்லை.

அவர் வெறும் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "வரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்த ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் வந்தார். கையில் குடை. நடந்தது பஜார் வரைக்கும் போயிருந்தது.

"கடிச்ச நாயைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"கடிபட்டவங்களையாவது பாத்தீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"பின்ன அங்க போயி என்னதான் செஞ்சீங்க?"

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "கேக் சாப்பிட்டேங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்த பார்வை. பிறகு கேட்டில் கிடந்த ஐந்து நாய்களையும் அவிழ்த்து, "இனிமே யார் கொண்டுவந்தாலும் என் வீட்டுக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கெழமை நீங்க வந்து பாக்கணும். கம்பவுண்டர் வேண்டாம், நீங்க" என்றார்.

அவர் வீட்டில் கடைசியில் ஒன்பது நாய்கள் சேர்ந்தன. பஜார் ஓட்டல்களில் மிஞ்சிய சோற்றை வாளியில் வாங்கிக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்தார் குரைப்புச் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள். அவர்களையும் ஒரு நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எனக்கு உதவியாக்கினார். நான் முதல் ஞாயிறு முழுக்க ஒரு நாற்காலிமேல் நின்றபடி வைத்தியம் பார்த்தேன். இரண்டாம் ஞாயிறு இறங்கினேன், நாற்காலிக் கால் உடைந்ததால்.

அடுத்த வாரம் மறுபடி ஜீப் வந்தது. பங்களாவில் கூடை ஒன்றில் ஒரு குட்டி. பெங்களூரில் இருந்து நண்பர் அனுப்பியதாம். தடுப்பூசி போட வேண்டும். காது இன்னும் முழுக்க நிமிரவில்லை, ஆனால் அதன் உத்தேசம் தெளிவாகத் தெரிந்தது.

"சார், இது..." என்று இழுத்தேன்.

"ஜெர்மன் ஷெப்பர்ட்" என்றார் மேனேஜர் பெருமையாக. "பேப்பரெல்லாம் இருக்கு. அல்சேஷன் மாதிரி இல்ல டாக்டர், நம்பிக்கையான ஜாதி."

ஜெர்மன் ஷெப்பர்டும் அல்சேஷனும் ஒரே நாய். வெள்ளைக்காரன் ஏதோ ஒரு சண்டைக் காலத்தில் ஜெர்மன் பெயர் பிடிக்காமல் மாற்றி வைத்தது. நான் படித்த அந்த ஒரே அத்தியாயத்தின் முதல் வரியே அதுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். குட்டி என் விரலைக் கடித்தது. "ஆமா சார், நல்ல ஜாதி" என்று சொல்லிவிட்டு ஊசி போட்டேன்.

நடந்ததை டீச்சரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்ப இதுங்களும் ஜெர்மன் ஷெப்பர்டுதானே? எழுதிக் குடுங்க."

இந்த யோசனை என்னுடையது என்று பல வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என்னுடையது அல்ல. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு நாய்க்கும் 'ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு' என்று எழுதி முத்திரை குத்தினேன். ரைட்டருக்கு முதல் சர்டிபிகேட். அவர் அதைப் படித்துவிட்டு, "இது அல்சேஷனவிட ஒசத்தியாங்க?" என்றார். ஆமாம் என்றேன். அன்று மாலையே பஜாரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மேனேஜர் அத்தனை காகிதத்தையும் பார்த்திருக்கிறார். தப்பு என்று சொன்னால் கூடைக்குள் இருப்பதும் தப்பாகிவிடும். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டீசைக் கிழிக்கவும் இல்லை. ஐப்பசி மழையில் அதுவாகவே நனைந்து விழுந்தது. எனக்கு ஜீப் வருவது அதோடு நின்றது.

ஐந்து நாய்கள் லயனுக்குத் திரும்பின. நான்கைத் தேடி யாரும் வரவில்லை; அவை டீச்சர் வீட்டிலேயே தங்கின. களத்து வாட்ச்மேன் தை மாதம் ஓர் ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று வந்தார். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, அவரே, "ஏனுங்க, இந்த மருந்த சோத்துல கலந்து குடுக்கலாமுங்களா?" என்று கேட்டார். தண்ணீரில் கொடுங்கள் என்றேன். சரிங்க என்றார். மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு வரலாம் என்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் பஜாருக்குப் போயிருந்தார். வாசல்படியில் உட்கார்ந்தேன். நாலு நாய்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. பழக்கம்தான், ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனாலும் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. மூன்றரை மணி பஸ்ஸைக் கோட்டைவிட்டு, வாளியோடு அவர் வந்து சேரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.