மஞ்சள் கொழுப்பு

"மஞ்சளா இருக்கிறது கெட்டுப்போனதால இல்லைங்க மேடம். புல் மேய்ஞ்ச மாட்டோட கொழுப்பு அப்படித்தான் இருக்கும். கேரட்ல இருக்கிற அதே சத்து."

வீட்டுக்கே இறைச்சி அனுப்பும் நாவலூர் கம்பெனி ஒன்றில், போனெடுக்கும் வேலையிலிருக்கும் ஞானதாஸ் இதை ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிறான். தீவனம் தின்ற மாட்டைவிட ஒமேகா-3 கூடுதல், வைட்டமின் ஈ கூடுதல், கொழுப்பு குறைவு. இரும்பும் பி12-உம் எந்த மாட்டிலும் உண்டு என்று நேர்மையாகச் சேர்த்தும் கொள்வான். அந்த நேர்மை தொழிலோடு சரி.

தையூரில் வீடு கேட்டுப் போனபோது, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஓய்வுபெற்ற வீட்டுக்காரர் ஜானகிராமன் ஒரே நிபந்தனை சொன்னார்: சைவம் மட்டும்.

"நாங்களும் சைவம்தான் சார்."

"கிறிஸ்டியன்ஸ்லகூடவா?"

"இருக்கோம் சார். கொஞ்சம் பேரு."

அதற்குமுன் ஒன்பது வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்திருந்தான்.

மனைவி பிரிசில்லாவுக்கு எட்டாம் மாதம். போன மாதம் ரத்தம் எட்டுப் பாயிண்ட், இப்போது ஏழரை. இரும்புச் சத்து மாத்திரை போட்டால் வாந்தி. இன்னும் இறங்கினால் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஞானதாஸின் அம்மா கட்டிக்கொடுத்த கறியை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு வருவாள். இப்போது பைக்கில் ஏறக் கூடாது. ஆகவே கறி வீட்டுக்குள் வருகிறது, மூன்று கவருக்குள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துகிறான். சுட வைத்தால் மணம் முன் போர்ஷனுக்கு, வீட்டுக்காரர்களிடம் போய்விடும். ஆறியதையே தின்ன வேண்டும்.

"இன்னும் ரெண்டு துண்டு துன்னு. இரும்பு கீது, பி12 கீது."

"அத்த உன் கஸ்டமராண்ட சொல்லு. கொழுப்பு ஒறஞ்சி ஒதட்டுல ஒட்டிகினு கீது. அவங்க துன்னா சத்து, நான் துன்னா நாத்தமா?"

அவன் கவரை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

முற்றத்திலிருந்து ஜானகிராமனின் மனைவி தெய்வநாயகியின் குரல்: "பிரிசில்லா, இங்க வாம்மா. மாதுளை உரிச்சு வெச்சிருக்கேன். ரத்தம் ஊறும்."

நல்ல மனுஷி. அதுதான் தொல்லை. வெள்ளிதோறும் இவளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுகிறவர். கெட்டவராயிருந்தால் பொய் சொல்வது எவ்வளவோ சுலபம்.

"தோ வரேன் ஆன்ட்டி."

தின்றது இரண்டே துண்டு. மீதியை ஞானதாஸ் கவருக்குள் முடிச்சிட்டான். சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தவளைக் கதவருகில் நிறுத்தி, வலக் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்த்தான். பிறகு திரும்பவும் குழாயடிக்கு அனுப்பினான்.