அணைத்துவிட்ட நெருப்புகள்

கொழும்பு வெள்ளவத்தையில் என் கணினிக் கடைக்கு மேல் அறையில் வாடகைக்கு இருந்த மிஸ்ஸை நினைத்தால், முதலில் ஒரு மேசை விசிறிதான் கண்ணில் வருகிறது. அவர் வியர்த்துக்கொண்டிருப்பார், விசிறி கணினிக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். "நான் கருகினா பரவாயில்லண்ணே, இது கருகக்கூடாது" என்பார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கத்தான் நான் படியேறுவது. பழுது பார்ப்பது ஒரு சாட்டு.

மலைக்காடுகளில் இனி எங்கே தீப்பிடிக்கும் என்று கணிப்பது அவர் வேலை. வெயில் கூடி மழை தள்ளிப்போகும் வருங்காலத்தை அந்தப் பெட்டிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பார். வரைபடத்தில் சிவக்கும் இடங்களுக்குத்தான், தீ தாவாதபடி புல்லை வெட்டி வெளியாக்க ஆள் அனுப்புவார்கள். அவருடைய தம்பி குடும்பத்தோடு இருந்த தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு மேலே பைன் காடு. வரைபடத்தில் அந்தக் கட்டம் மட்டும் எத்தனை முறை ஓடவிட்டாலும் பச்சையாகவே நின்றது. பச்சை என்றால் அங்கே புல் வெட்ட ஆள் போகாது. மிஸ்ஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பார்சலைக்கூட நின்றபடியேதான் பிரிப்பார்.

ஒருநாள் என் முன்னாலேயே தம்பிக்குப் போன் எடுத்தார்.

"அங்க நெருப்பே வர்றதில்லையாடா?"

"வராமலா? வருசா வருசம் வருது. பச்சைக் கொப்ப ஒடிச்சு அடிச்சு அணைச்சிடுறோம்ல."

"யாருக்காச்சும் சொன்னீங்களா?"

"அணைஞ்ச நெருப்ப எதுக்குக்கா சொல்லணும்?"

மிஸ் கதிரையில் சாய்ந்தார். பழைய நெருப்புகளைப் பார்த்துத்தான் கணினி புதியதைச் சொல்கிறது. வானத்துச் செய்மதியின் கண்ணில் படுமுன்னே இவர்கள் அணைத்துவிட்டதால், அதற்கு அந்த மலை எரிந்ததே இல்லை.

"அடுத்த தடவ படம் எடுத்து அனுப்புடா. அப்புறம் அணை."

"நெருப்புக்கிட்ட கொஞ்சம் சிரின்னு சொல்லவாக்கா?"

அந்த வருட வறட்சியிலேயே படம் வந்தது. புகைக்குள் முதுகுகள், ஓங்கிய கொப்புகள். மிஸ் தீயைப் பார்க்கவில்லை. வரிசையில் ஓர் இடைவெளியைப் பெரிதாக்கினார். "இங்க அவன் நின்னிருக்கணும்ணே. நான்தான் படம் எடுக்க நிறுத்திட்டேன்." தம்பியின் குரலைக் கேட்கும்வரை அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

அதையும் அயல் லயங்களிலிருந்து வந்த படங்களையும் சேர்த்து ஓடவிட்டபோது கட்டம் சிவந்தது. "சிவந்திட்டுது பிள்ளை!" என்று நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை.

இன்று மிஸ் வேறு ஊரில். பைன் காட்டுக்குக் கீழே புல்லை வெட்டிவிட்டார்கள்; ஒவ்வொரு வருடமும் புதிய படங்களோடு ஓடவிட்ட வரைபடத்தைப் பார்த்துத்தான் திரும்ப வெட்டுகிறார்கள். இங்கே மழை பிந்தினால் எனக்கும் பதற்றம், அவருக்குப் போன் எடுப்பேன். போன கிழமையும் எடுத்தேன்.

"நெருப்பு வந்துச்சாம்ணே. அணைச்சிட்டாங்களாம்."

"அப்பாடா" என்றேன்.

"படம் எடுக்க மறந்துட்டாங்களாம்" என்றார் மிஸ்.